சிலையை காலண்டரில் போடலாம், சுவரோவியத்தைப் போடக் கூடாதா?

குமரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் டிசைனிங், பிரிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், வருஷக் கடைசியில் காலண்டர். இந்த முறை யாருடைய ஆர்டருக்கும் இல்லாமல், நானே எடுத்த படங்களை வைத்து ஒரு மேஜைக் காலண்டர் போட்டு விற்க இறங்கியிருக்கிறேன். சாமி படம், அருவி, பூங்கொத்து எதுவும் கிடையாது. தெருவில் நின்றால் கண்ணில் படுகிற கட்டடம், சிலை, சுவர் மட்டும். 12 மாதத்துக்கு 12 படம்.

ஜனவரிக்குக் கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறையிலிருந்து வரும் கண்ணாடிப் பாலமும் தெரிகிற மாதிரி. பிறகு மெரினா உழைப்பாளர் சிலை, ரிப்பன் மாளிகை, வள்ளுவர் கோட்டத்துத் தேர், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், சித்திரை வீதியிலிருந்து எடுத்த மதுரைத் தெற்குக் கோபுரம், எழும்பூர் மியூசியத்தில் ஒரு சோழர் காலத்துச் செப்புத் திருமேனி என்று போகிறது. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புகளின் பக்கச் சுவரில் வரைந்திருக்கிற பெரிய ஓவியங்கள். மொத்தக் காலண்டருக்கும் உயிரே அந்த இரண்டு படம்தான்.

சிவகாசியில் அச்சுக்குக் கொடுக்கப் போனேன். பிரஸ்காரர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் காப்பிரைட் இருக்கும் தம்பி, எழுதி வாங்கிட்டு வந்துருங்க, ஓட்டித் தர்றேன்" என்றார். யாரிடம் போய் எழுதி வாங்குவது? வள்ளுவர் சிலைக்குச் சுற்றுலாத் துறையா, சிற்பி குடும்பமா? ரிப்பன் மாளிகைக்கு மாநகராட்சியா? படம் எடுத்தது நான். அப்படியிருக்க இன்னொருவர் அனுமதி எதற்கு என்பதும் புரியவில்லை.

இன்னொரு யோசனையும் உண்டு. வள்ளுவர் சிலையைச் சின்னதாக ரெசினில் வார்த்து ஃபிரிட்ஜ் மேக்னட் ஆக்கி, கன்னியாகுமரிக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று. அதில் ஏதாவது சிக்கல் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நிக்கான்:

பொது இடத்தில் நிற்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கலாம். இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். பிரஸ்காரர் வீணாகப் பயப்படுகிறார். அடித்துவிடுங்கள்.

எழும்பூர் வக்கீல்:

தம்பி, பிரஸ்காரர் கேட்டது சரியான கேள்வி. அச்சடித்தவர் என்று அவர் பெயரும் வழக்கில் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓவியர்கள், சிற்பிகளுடைய ஒப்பந்தங்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பழைய நிக்கான் சார் சொன்னது கட்டடத்துக்கும் சிலைக்கும் பொருந்தும். சுவருக்குப் பொருந்தாது. உங்கள் காலண்டரில் உயிர் என்று நீங்கள் சொல்கிற அந்த இரண்டு படத்தில்தான் பிரச்சினையே இருக்கிறது.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்கிறது. அதன் முதல் உட்பிரிவில் 'எஸ்', 'டி', 'யு' என்று அடுத்தடுத்து வரும் மூன்று கூறுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

'எஸ்' கட்டடங்களுக்கானது. கலைத்தன்மையோ வடிவமைப்போ உள்ள எந்தக் கட்டடத்தையும் வரையலாம், படம் எடுக்கலாம், வெளியிடலாம். கட்டடம் என்பதில் மற்றக் கட்டுமானங்களும் சேரும், ஆகவே கண்ணாடிப் பாலமும் அடங்கிவிடும். கட்டடக் கலைஞர் உயிரோடு இருக்கிறாரா, எந்த ஆண்டு கட்டியது என்ற கேள்விகள் இங்கே எழவே இல்லை. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கும் 2010-இல் திறந்த அண்ணா நூலகத்துக்கும் ஒரே விதி. விற்பனைக்கா, சொந்தத்துக்கா என்ற பாகுபாடும் கிடையாது.

'டி' சிற்பங்களுக்கும் கலைநயமுள்ள கைவினைப் படைப்புகளுக்கும். பொது இடத்திலோ, மக்கள் போய்வரக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக வைக்கப்பட்டிருந்தால் படம் எடுத்து வெளியிடலாம். உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1975-இல் காலமானார். படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு என்பது நம் நாட்டுப் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 2035 முடியும்வரை அந்தச் சிலைக்குப் பதிப்புரிமை உண்டு. திருவள்ளுவர் சிலையின் ஸ்தபதி வை. கணபதி ஸ்தபதி 2011-இல் மறைந்தவர், அதற்குக் காலம் இன்னும் நீளம். அரசு செய்யச் சொன்ன படைப்பு என்றால் உரிமையாளரும் கால அளவும் மாறலாம். ஆனால் புகைப்படத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. உரிமை இருக்கும்போதே, படம் எடுப்பதற்கு மட்டும் சட்டம் வழி விட்டிருக்கிறது. வள்ளுவர் கோட்டத் தேரும் இதே கணக்குதான். கோபுரத்தில் கும்பாபிஷேகத்தின்போது புதிதாகச் செய்து வைக்கும் சுதைச் சிற்பங்களும் இதற்குள் வந்துவிடும். சோழர் காலத்துத் திருமேனிக்குப் பதிப்புரிமையே இல்லை. மியூசியத்தில் கேமராவுக்குச் சீட்டு வாங்கச் சொல்வதும், கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் அந்தந்த இடத்து ஒழுங்கு பற்றியவை. அவற்றை மதித்து எடுத்த படமா என்று மட்டும் பாருங்கள். சித்திரை வீதியில் நின்று எடுத்ததற்கு அந்தக் கவலையும் இல்லை.

இப்போது சுவருக்கு வருகிறேன். சட்டத்தின் 2-வது பிரிவில் கலைப் படைப்பு என்பதை மூன்று கூறாகப் பிரித்திருக்கிறார்கள். ஓவியம், சிற்பம், வரைபடம், செதுக்கோவியம், புகைப்படம் முதல் கூறு. கட்டடம் இரண்டாவது. மற்றக் கைவினைப் படைப்புகள் மூன்றாவது. 'டி' விலக்கு தருவது எதற்கு என்றால், சிற்பத்துக்கும் மூன்றாவது கூறில் வருகிறவற்றுக்கும். முதல் கூறிலிருந்து சிற்பத்தை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓவியத்தைக் கூப்பிடவில்லை. பிரிட்டிஷ் சட்டத்தின் வார்த்தைகளை ஒட்டி எழுதியது இது, அங்கேயும் இன்றுவரை சுவரோவியத்துக்கு இந்த விலக்கு இல்லை.

'யு' இன்னும் வியப்பாக இருக்கும். சினிமாவுக்கானது. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள எந்தக் கலைப் படைப்பையும் படத்தில் சேர்க்கலாம் என்கிறது. எந்த என்றால் ஓவியமும் சேர்த்துத்தான். காட்சிப் பதிவு எதுவானாலும் இந்தச் சட்டத்தில் சினிமா என்பதால், கண்ணகி நகர்ச் சந்துகளில் நடந்துகொண்டே நீங்கள் எடுக்கும் வீடியோவுக்கு விலக்கு உண்டு. அதே சுவரை அதே இடத்தில் நின்று ஸ்டில் எடுத்துக் காலண்டரில் அடித்தால் விலக்கு இல்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு நியாயமான காரணத்தை நான் இன்னும் காணவில்லை. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய இடம் இது என்று உறுதியாக நம்புகிறேன். திருத்தும்வரை எழுதியிருப்பதுதான் சட்டம்.

ஏட்டளவில் உள்ள பயம் என்று நினைக்க வேண்டாம். மும்பையில் ஒரு பெரிய கட்டடச் சுவரில் வரைந்த ஓவியத்தை ஓர் இன்சூரன்ஸ் நிறுவனம் தன் விளம்பரப் பலகையில் பயன்படுத்தியது. 2023-இல் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வந்தது. பொது இடத்தில் இருப்பதுதானே என்று நிறுவனம் 'டி' கூறைக் காட்டியது. ஓவியம் அதில் வராது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இது விளம்பரம், அனுமதியில்லாமல் செய்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் கருதி, இணையத்தில் போட்டிருந்த பதிவுகளை நீக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. வழக்குத் தொடுத்தது ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன். கண்ணகி நகரில் 2020-இல் சுவர்களை வரையவைத்ததும் அதே அமைப்புதான், ஏஷியன் பெயிண்ட்ஸ் துணையோடு. ஆக, உங்கள் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் யாரிடம் கேட்பது என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம். 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் சில சுவர்களுக்கு அமைப்பு, சில சுவர்களுக்கு ஓவியர், அரசு வரையச் சொன்ன சுவர் என்றால் அரசு. உரிமை யார் கையில் போனாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவில் ஓவியரிடமே தங்கிவிடும். இந்தப் பிரிவை வைத்துத்தான் அமர்நாத் சேகல் ஜெயித்தார். டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். 2005-இல் தீர்ப்பு வந்தது. மிச்சமிருந்ததைத் திருப்பித் தர வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று. அரசுக்கு விற்ற படைப்பாக இருந்தும் அதன் மேல் அவருக்கு இருந்த பந்தத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தத் தீர்ப்பு நிறைவு தருகிறது.

ரெசின் மேக்னட் வேண்டாம் தம்பி. விலக்கு ஓவியம், வரைபடம், செதுக்கோவியம், புகைப்படம் ஆகியவற்றுக்குத்தான். சிலையைப் பார்த்து இன்னொரு சிலை வார்ப்பது இதில் இல்லை, அதன் அளவு கட்டைவிரல் நகம்போல இருந்தாலும். உங்கள் புகைப்படத்தை அச்சடித்து ஒட்டிய தட்டை மேக்னட் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

படம் எல்லாம் நீங்கள் எடுத்தவைதானே? நண்பர் எடுத்தது, இணையத்தில் கிடைத்தது ஏதாவது கலந்திருந்தால் அவரிடம் எழுதி வாங்க வேண்டும். சிலைக்குத் தந்த விலக்கு, அடுத்தவர் எடுத்த சிலைப் படத்துக்குக் கிடையாது.

சுவர்க்காரி:

நான் சுவர்ல வரையுறவ. கண்ணகி நகர்ல இல்ல, வேற ஊர்கள்ல, ஸ்கூல் சுவர், ஃப்ளைஓவர் தூண், கார்ப்பரேஷன் சுவர்னு. வக்கீலம்மா எழுதினதைப் படிச்சதும் ரெண்டு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு.

நாலு மாடி உயரச் சுவர்னா முதல்ல காரையைத் தட்டிப் பாக்கணும், பொரிஞ்ச இடத்தைச் சுரண்டி பட்டி வைக்கணும், பிரைமர் அடிக்கணும். அப்புறம் கட்டம் போட்டு ஸ்கெட்ச். சாரத்துல நின்னா முகம் சுவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும், வரையுற மூக்கு சரியா வந்திருக்கான்னு இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தாத்தான் தெரியும். மே மாச வெயில்ல எமல்ஷன் பிரஷ்லயே காஞ்சிடும். அந்தத் தெரு ஜனங்கதான் தண்ணி கொடுப்பாங்க, மோர் கொடுப்பாங்க, "பாப்பா, எங்க ஆயா மாதிரியே இருக்கு"ன்னு கூப்பிட்டுச் சொல்லுவாங்க.

ஆளுங்க முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தா எனக்கு அவ்ளோ சந்தோஷம். போட்டோ எடுக்குற பசங்க போட்டாலும் சந்தோஷம்தான், பேரைப் போட்டா இன்னும் சந்தோஷம். ஆனா நான் வரைஞ்ச ஒரு சுவரை ஒரு துணிக்கடை விளம்பரத்துல பாத்தேன். மாடலுக்குப் பின்னாடி முழுச் சுவரும். கீழ் மூலைல இருந்த என் கையெழுத்தை மட்டும் அழிச்சிருந்தாங்க. காசு வரலைங்கறதை விட அதுதான் மனசைக் கீறிடுச்சு. அப்ப எனக்கு 57-வது பிரிவெல்லாம் தெரியாது.

குமரிக்கரை அண்ணே, உங்க படத்தைப் பெருசு பண்ணி மூலையைப் பாருங்க. பேரோ இன்ஸ்டா ஐடியோ இருக்கும். நேரா மெசேஜ் பண்ணிக் கேளுங்க. காலண்டருக்குன்னு கேட்டா முக்கால்வாசிப் பேர் பெருசா எதுவும் கேக்க மாட்டோம். பேர் போடணும், ரெண்டு காப்பி அனுப்பணும், ஆயிரக்கணக்குல அடிச்சா ஒரு தொகை. அவ்ளோதான். வேலைக்குக் கூப்பிட்டவங்க பேப்பர்ல என்ன எழுதி வாங்கியிருக்காங்கன்னும் அவங்களே சொல்லிடுவாங்க.

பாரிஸ் மழை:

நான் பாரிசில இருக்கிறன். இஞ்ச நிலைமை வேற மாதிரி. ஈஃபிள் கோபுரத்தைப் பகலில எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, குஸ்தாவ் ஈஃபிள் 1923-இல காலமானவர். இரவில எரியிற வெளிச்சம் 1985-இல வந்தது. அது தனிப் படைப்பு எண்டு கோபுரத்தை நடத்திற நிறுவனம் சொல்லுது. வியாபாரத்துக்கு இரவுப் படம் பாவிக்கிறதெண்டால் அவையளிட்டக் கேக்க வேணும். 2016-இல ஒரு சட்டம் கொண்டுவந்தவை. பொது இடத்தில நிரந்தரமா இருக்கிற கட்டடம், சிற்பங்களைத் தனி ஆக்கள் படம் எடுத்துப் போடலாம், ஆனால் வியாபாரத்துக்குக் கூடாது. காலண்டர் அடிச்சு விக்கிறது அதுக்குள்ள வராது. லூவ்ர் முன்னால நிக்கிற கண்ணாடிப் பிரமிட்டைத் தனியா எடுத்துக் காலண்டரில போடோணுமெண்டால் முதலில அனுமதி எடுக்க வேணும். உங்கட சட்டம் கட்டடத்துக்கும் சிலைக்கும் எவ்வளவு தாராளம் எண்டு இஞ்ச இருந்து பாக்கேக்கதான் தெரியுது.

குமரிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வக்கீலம்மா, உங்கள் பதிலை அப்படியே பிரஸ்காரருக்கு அனுப்பிவிட்டேன். சுவர்க்காரி சொன்னபடி ஜூலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூலையில் பெயர் இருக்கிறது. ஓவியருக்கு எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் படத்தில் மூலை ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. அதே இடத்தில் எடுத்த இன்னொரு படம் இருக்கிறது. முன்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், சுவர் பின்னணியில் கொஞ்சம் மங்கலாக. அதைப் போட்டால் அனுமதி இல்லாமல் சமாளிக்கலாமா? 2022-இல் செஸ் ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்களே, அப்போது எடுத்த படமும் உண்டு, அதற்கு? ஓவியர் சரி என்று பதில் போட்டால் அந்த மெசேஜே போதுமா, பத்திரம் மாதிரி எழுத வேண்டுமா?

எழும்பூர் வக்கீல்:

பின்னணியில் தற்செயலாக வருவதற்கான விலக்கும் 'யு' கூறில்தான் இருக்கிறது, அதுவும் சினிமாவுக்கு மட்டும். புகைப்படத்துக்கு அப்படி எழுதிவைக்கவில்லை. சுவர் ஒரு ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது என்றால், படைப்பின் கணிசமான பகுதி எடுக்கப்படவில்லை என்று வாதாடலாம். பாதிப் படம் சுவர் என்றால் அந்த வாதம் நிற்காது. மங்கலாக இருப்பது கொஞ்சம் உதவும், முழுக்கக் காப்பாற்றாது. மேலும் அந்தப் பையன்களுடைய முகம் தெரிகிறதா? விற்பனைக்குப் போகிற காலண்டர் என்பதால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணகி நகர் ஜனங்களை ஊருக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தார்கள். பிறகு அவர்களைக் கேட்காமலேயே எத்தனையோ பேர் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். நீங்கள் கேட்டுச் செய்யுங்கள்.

நேப்பியர் பாலம் கட்டுமானம், 'எஸ்' கூறில் வரும். கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டத்தை யாரும் தன் சொந்தப் படைப்பு என்று கேட்டுவர முடியாது. போடுங்கள்.

பாரிஸ் மழை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவில் கட்டடத்தைப் படம் எடுக்கலாம், சிலைக்கு அந்தச் சலுகை இல்லை. வாஷிங்டனில் கொரியப் போர் நினைவிடத்தில் படைவீரர்கள் நடந்துபோகிற சிற்பங்கள் உண்டு. அவற்றைப் பனியில் எடுத்த ஒரு புகைப்படத்தை 2003-இல் அந்நாட்டு அஞ்சல் துறை அஞ்சல்தலையாக வெளியிட்டது. புகைப்படக்காரருக்குப் பணம் போனது, சிற்பி ஃபிராங்க் கேலார்டிடம் யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்டு, 2013-இல் ஆறு லட்சத்து எண்பதாயிரம் டாலருக்கு மேல் வாங்கினார். நம் சட்டத்தில் ராய் சௌத்ரியின் வாரிசுகளோ கணபதி ஸ்தபதியின் வாரிசுகளோ ஒரு புகைப்படத்துக்காக அப்படிக் கேட்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கேட்க முடியாதவர்கள் பெயரையும் போடுங்கள். மாதத் தாளின் பின்பக்கம் இடம் இருக்கும். சிற்பி, ஸ்தபதி, கட்டடக் கலைஞர், ஓவியர் என்று 12 படத்துக்கும் தேடிப் போட முடிந்தால், நானே வாங்கி என் அலுவலக மேஜையில் வைப்பேன்.

அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30-வது பிரிவு. பத்திரத் தாள் தேவையில்லை, ஒரு பக்கக் கடிதம் போதும். வெறும் "சரி" என்ற மெசேஜோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சுவர், எந்த ஆண்டுக் காலண்டர், எத்தனை பிரதி, தொகை எவ்வளவு, பெயர் எந்த இடத்தில் வரும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டமே 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். சுவர் வரைந்த அமைப்பிடமும் இதே போல ஒன்று வாங்கி, இரண்டு கடிதத்தின் நகலையும் ஃபைலோடு சேர்த்துப் பிரஸ்காரரிடம் கொடுங்கள். ஆகஸ்டுக்கு ஓவியர் கிடைக்காவிட்டால் அமைப்பு மூலமாகவே கேட்டுப் பாருங்கள், யார் எந்தச் சுவரை வரைந்தார்கள் என்ற விவரம் அவர்களிடம் இருக்கும்.